கமலை, இன்ஜின், மோட்டார், சோலார்: கரிசல் காட்டில் தண்ணீர் இறைத்த கணக்கு

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போகிறவர்களுக்குக் கடம்பூர் என்றால் போளிதான். கோவில்பட்டி தாண்டியதும் தேங்காய்ப் போளியா, பருப்புப் போளியா என்ற யோசனை வந்துவிடும். போளியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் தெரிவது மூன்று விஷயங்கள். கண்ணுக்கெட்டிய வரை கரிசல் மண். கயத்தாறு பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். அங்கங்கே வெயிலில் பளபளக்கும் சோலார் பேனல்கள்.

மாநிலத்துக்கே மின்சாரம் அனுப்புகிற மண் இது. அதே மண்ணில் மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் கிணறுகளும் உண்டு. அங்கே இன்னமும் டீசல் இன்ஜின்தான். தலைக்கு மேலே வெயில், பக்கத்திலே காற்றாலை, கையிலோ டீசல் கேன்! இது எப்படி நடந்தது? இதைப் புரிந்துகொள்ள ஒரு நூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம். கோவில்பட்டி வட்டாரத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 650 முதல் 750 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. குடித்த தண்ணீரை லேசில் விடாது. அந்த ஈரத்தை நம்பித்தான் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி எல்லாம் மானாவாரியாக விளைந்தன. பருத்திக்காகவே பேர் போன சீமை இது. ஆங்கிலேய அரசு 1901-லேயே கோவில்பட்டியில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1876 வாக்கில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பருத்தி துறைமுகத்துக்குப் போவதும் சுலபமாயிற்று.

மானாவாரிக் காட்டுக்கு நடுவே கிணறு வெட்டியவர்களிடம் ஒரு துண்டு 'தோட்டம்' இருக்கும். மிளகாய், வெங்காயம், கத்தரி, கொஞ்சம் கேழ்வரகு. கரிசல் சம்சாரியின் வீட்டில் ரொக்கம் புழங்கியது பெரும்பாலும் இந்தத் தோட்டத்தாலும் பருத்தியாலும்தான். தோட்டம் வேண்டுமென்றால் தண்ணீர் இறைக்க வேண்டும். இறைக்க வேண்டுமென்றால் கமலை வேண்டும்.

கமலையைப் பார்த்திராத தலைமுறை வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. கிணற்று மேட்டில் உருளை. அதன் வழியாக வடக்கயிறு. கயிற்றின் நுனியில் கூனை என்ற பெரிய பாத்திரம், அதன் அடியில் தோலால் ஆன வால். கயிற்றின் மறுமுனை நுகத்தடியில். மாடுகள் சரிவான பாதையில் இறங்கிப் போகும்போது கூனை மேலே வரும், தண்ணீர் தோல் வாய் வழியாகத் தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேறும். மறுபடியும் இறக்கம். இப்படியே விடிகாலையிலிருந்து வெயில் ஏறும் வரை.

சரி, கமலையால் எவ்வளவு தண்ணீர் வந்திருக்கும்? இரண்டு மாடுகளும் சேர்ந்து தரும் சக்தி சுமார் ஒரு ஹெச்.பி. முப்பது அடி ஆழக் கிணறு என்றால் மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் வாக்கில் இறைக்கலாம். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் ஆறு மணி நேரம் இறைத்தாலும் அரை ஏக்கர்தான் நனையும். ஒரு ஆள், இரண்டு மாடு, ஒரு நாள், அரை ஏக்கர்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கமலைக்கு 'எரிபொருள் செலவு' என்று தனியாக ரொக்கம் எதுவும் கிடையாது. சோளத்தட்டை சொந்தக் காட்டில் விளைந்தது. ஆனால் மாடு என்பது முதலீடு. நல்ல ஜோடி வாங்கப் பெரும் பணம் வேண்டும். இறைத்தாலும் இறைக்காவிட்டாலும் அது தின்னும். கணக்குப் பாடத்தில் சொல்கிறார்களே, நிலைச் செலவு, மாறும் செலவு என்று... கமலை கிட்டத்தட்ட முழுக்க முழுக்க நிலைச் செலவு. அந்தச் செலவை உழவு, வண்டி, எரு என்று பல வேலைகளுக்குப் பகிர்ந்துகொண்டதால்தான் சம்சாரிக்குக் கட்டுபடியானது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சோலாரிலும் இதே கதைதான் திரும்ப வருகிறது.

கமலைக்கு முதல் போட்டி எண்ணெயில் ஓடும் இன்ஜின். 1900-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் இதற்காக ஓயாமல் பாடுபட்டார். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர், பிறகு தொழில் துறை இயக்குநர். நம் ஊரில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவரும் இவரே. ஆயில் இன்ஜினையும் பம்பையும் கிணற்றில் பொருத்திச் சோதித்து, எத்தனை ஏக்கர் இருந்தால் இன்ஜின் கட்டுபடியாகும் என்று கணக்குப் போட்டவர். சின்ன விவசாயிக்கு இன்ஜின் பெரிது, கிணற்றில் ஊறும் தண்ணீரோ சிறிது. இதுதான் அன்றைய சிக்கல். இன்றும் கரிசலில் சிக்கல் அதுவேதான் என்பது வேடிக்கை.

இன்ஜினின் குணம் மாட்டுக்கு நேர் எதிர். வாங்கும் விலை குறைவு. ஓடாத நாளில் அது எதையும் தின்னாது. ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் ரொக்கத்தைக் குடிக்கும். அதுவரை சம்சாரியின் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த செலவு, இன்ஜின் வந்த பிறகு வீட்டை விட்டு வெளியே போக ஆரம்பித்தது.

இதே காலத்தில் வெயிலை வைத்துத் தண்ணீர் இறைக்கும் யோசனையும் இருந்தது என்றால் நம்புவீர்களா? அதுவும் இந்தியாவிலேயே! பம்பாயில் உயர் நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்த வில்லியம் ஆடம்ஸ் என்பவர் 1870-களில் கண்ணாடிகளை அரைவட்டமாக அடுக்கி, வெயிலை ஒரு கொதிகலன் மேல் குவித்து, இரண்டரை ஹெச்.பி. நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டினார். நிலக்கரி விலை அதிகம், வெயில் இலவசம் என்பதே அவர் வாதம். அதை ஒரு புத்தகமாகவும் எழுதினார். 1913-ல் அமெரிக்கரான ஃபிராங்க் ஷூமன் எகிப்தின் மாடி என்ற ஊரில், நைல் நதிக்கரையில், நீளமான வளைந்த கண்ணாடித் தொட்டிகளை வைத்து நிமிடத்துக்கு ஆறாயிரம் காலன் தண்ணீர் இறைக்கும் நிலையத்தை நிறுவினார். அடுத்த வருடமே முதல் உலகப்போர். நிலையம் கைவிடப்பட்டது. போர் முடிந்தபோது மலிவான பெட்ரோலியம் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. 1918-ல் ஷூமனும் இறந்துபோனார். சூரிய பம்பு தொழில்நுட்பத்தில் தோற்கவில்லை, விலையில் தோற்றது.

கரிசல் காட்டுக்கு வருவோம். 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பொதிகை மலையில் விழும் தாமிரபரணித் தண்ணீர் கோவில்பட்டிப் பக்கத்துக் காடுகளுக்கு வாய்க்காலில் வந்ததே இல்லை. கம்பி வழியாக மின்சாரமாக வந்தது! 1957-ல் மின்சார வாரியம் அமைந்தது. காமராஜர் ஆட்சிக் காலத்தில் கிராமங்களுக்கு மின்கம்பம் போடும் வேலை வேகம் பிடித்தது. கோவையில் 1937-லேயே உள்நாட்டில் மின் மோட்டார் செய்துவிட்டதால், மோட்டாரும் பம்பும் பக்கத்திலேயே கிடைத்தன. பம்புசெட் இணைப்பில் இந்தியாவிலேயே முன்னணியில் நின்றது தமிழ்நாடு.

மோட்டார் வந்த கிணற்றில் கமலை கழன்றது. மாடு வைத்திருக்க இருந்த முக்கியமான காரணம் ஒன்று போயிற்று. பின்னால் டிராக்டர் வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. சம்சாரியின் செலவுப் பட்டியலில் 'கரண்டு பில்' என்ற புதிய வரி ஏறியது.

அந்த வரிக்காகத்தான் உயிர்கள் போயின. 1970-ல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக ஏறியது. இரண்டு பைசா! இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மழை பொய்த்து, கிணறு ஆழமாகி, கூலியும் உரமும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஆழம் கூடினால் அதே தண்ணீருக்கு யூனிட் கூடும், யூனிட் கூடினால் பில் இரண்டு மடங்கு பாயும். கோவை மாவட்டத்தில் தொடங்கிய போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு, மூன்று விவசாயிகள் இறந்தார்கள். கட்டணத்தில் ஒரு பைசா குறைந்தது. 1972-ல் மறுபடி கட்டண உயர்வு, மறுபடி போராட்டம். கோவை நகரத்தையே மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். அந்த வருடப் போராட்டத்தில் பலியானவர்கள் இன்னும் அதிகம். இந்தப் போராட்டங்களை வழிநடத்திய சி. நாராயணசாமி நாயுடு கோவைக்காரர். ஆனால் அவர் உயிர் பிரிந்தது கோவில்பட்டியில். 1984 டிசம்பர் 21 அன்று, தேர்தல் வேலையாக வந்த இடத்தில் மாரடைப்பு.

அதே 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியிருந்தது. 1990-ல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்றது. 2003-ல் ஜெயலலிதா அரசு அதை மாற்றிக் கட்டணம் விதித்து, அதற்கு ஈடாகப் பணத்தை விவசாயிகளுக்கு நேரடியாகக் கொடுத்துப் பார்த்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தோல்வி. அடுத்த சில நாட்களிலேயே பழையபடி இலவசம். அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் கை வைக்கவில்லை.

இங்கேதான் ஒரு நுணுக்கம். இலவச மின்சாரம் என்பது இணைப்பு இருப்பவருக்குத்தான் இலவசம். இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது. வாரியத்தின் பக்கமிருந்து பார்த்தால் ஒவ்வொரு புதிய இணைப்பும் என்றென்றைக்கும் வருமானம் தராத ஒரு வாடிக்கையாளர். கம்பம் நட வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும், பிறகு சும்மா கொடுக்க வேண்டும். அரசு மானியம் தந்து ஈடுகட்டினாலும் வாரியத்துக்கு எப்படி அவசரம் வரும்? வரிசை நீண்டது. 2021-ல் காத்திருந்த விண்ணப்பங்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். அந்த வருடம் ஒரு லட்சம் இணைப்புகளும், அடுத்த வருடம் மேலும் 50 ஆயிரமும் தரப்படும் என்று அரசு அறிவித்தது. தந்தும் வரிசை தீரவில்லை.

விலையைக் கூட்டாமல் பொருளை இலவசமாக்கினால் அதன் விலை வேறு பெயரில் வெளியே வரும் என்பது பொருளாதாரத்தின் பழைய பாடம். இங்கே அதன் பெயர் 'தட்கல்'. வரிசையில் நிற்காமல் சீக்கிரம் இணைப்பு வேண்டுமென்றால் 5 ஹெச்.பி. மோட்டாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய், 10 ஹெச்.பி. என்றால் மூன்று லட்சம் என்று மின்வாரியமே தொகை நிர்ணயித்தது. ஆக, இலவச மின்சாரத்தின் சந்தை விலை என்ன என்று யாராவது கேட்டால் தாராளமாகச் சொல்லலாம்: இரண்டரை லட்சம்!

சோலார் கரிசலுக்குள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

சிலிக்கான் செல்லில் வெயில் பட்டால் நேரடியாக மின்சாரம் வரும் என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954-ல் செய்து காட்டியது. முதல் வாடிக்கையாளர்கள் செயற்கைக்கோள்கள். ஏனென்றால் வேறு யாராலும் வாங்க முடியாது. 1973-ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்து கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறிய பிறகுதான் சோலார் பக்கம் உலகம் மீண்டும் திரும்பியது. 1977-ல் ஒரு வாட் செல்லின் விலை சுமார் 76 டாலர். கடம்பூரில் ஒரு 5 ஹெச்.பி. பம்பை ஓட்ட 4,800 வாட் பேனல் வேண்டும். அன்றைய டாலர் மதிப்பில் போட்டுப் பார்த்தால் செல்லுக்கு மட்டும் 30 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் கடம்பூரைச் சுற்றிப் பல கிராமங்களின் கரிசலை மொத்தமாக வாங்கியிருக்கலாம்!

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜெர்மனி மானியம் கொடுத்துச் சந்தையை உண்டாக்கியது, சீனா தொழிற்சாலைகளைக் கட்டி விலையை உடைத்தது. 76 டாலர் இருந்த வாட், அரை டாலருக்கும் கீழே வந்து, இப்போது சர்வதேசச் சந்தையில் சென்டுகளில் பேசப்படுகிறது. இந்தியாவில் மத்திய அரசு 1990-களிலேயே சோலார் பம்புத் திட்டம் தொடங்கியது. விலை காரணமாக அது பெரிதாக எடுபடவில்லை. தமிழ்நாட்டில் 2013-14 வாக்கில் வேளாண் பொறியியல் துறை 80 சதவீத மானியத்தில் சோலார் பம்புசெட் கொடுக்க ஆரம்பித்தது. பின்னர் அது 90 சதவீதம் வரை போனது. அதற்கு ஒரு நிபந்தனை: மின் இணைப்புக்கான வரிசையில் உங்கள் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். 2019-ல் மத்திய அரசின் பி.எம். குசும் திட்டம் வந்தது. மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம், மீதி விவசாயியுடையது. சில பிரிவினருக்கு மாநில அரசின் கூடுதல் மானியமும் உண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். எண்கள் கையாளச் சுலபமாக இருக்கட்டும் என்று முழு எண்களாக எடுத்துக்கொள்வோம்.

டீசல் இன்ஜின், 5 ஹெச்.பி. விலை 40 ஆயிரம் என்று வைப்போம். பத்து வருட ஆயுள் என்றால் தேய்மானம் வருடம் 4,000. ஏழு சதவீத வட்டி 2,800. ஆக நிலைச் செலவு 6,800. மணிக்கு ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆயில், ரிப்பேர் சேர்த்து மணிக்கு 100 ரூபாய்.

சோலார், 5 ஹெச்.பி. மொத்த விலை மூன்று லட்சம் என்று வைப்போம். பேனல் இருபது வருடம் தாங்கும் என்று எடுத்தால் தேய்மானம் 15,000, வட்டி 21,000. ஆக வருடம் 36,000. மாறும் செலவு? கிட்டத்தட்ட பூஜ்ஜியம். எப்போதாவது பேனலைத் துடைக்க வேண்டும்.

வித்தியாசம் 29,200 ரூபாய். மணிக்கு 100 வீதம் வகுத்தால் 292 மணி நேரம். வருடத்தில் 292 மணி நேரத்துக்கு மேல் இறைப்பவருக்கு, மானியமே இல்லாவிட்டாலும் சோலார்தான் லாபம். அதற்குக் குறைவாக இறைப்பவருக்கு டீசல் லாபம். ஒரு நாள் வெயில் என்பது முழு வேகத்தில் சுமார் ஐந்து மணி நேரம் ஓடுவதற்குச் சமம். அப்படியானால் 292 மணி நேரம் என்பது ஏறத்தாழ 58 நாள்.

58 நாள்! வாழையும் கரும்பும் போடும் தாமிரபரணிப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டால் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கடம்பூர் கரிசலில் எத்தனை கிணறுகள் 58 நாள் முழுசாக இறைக்கத் தாங்கும்? கார்த்திகை மழைக்கு ஊறிய தண்ணீர் மாசி, பங்குனியில் தரை தட்டிவிடும். மழைக்காலத்தில் இறைக்கத் தேவையில்லை, வெயில் காலத்தில் இறைக்கத் தண்ணீர் இல்லை. நடுவில் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று மாதங்கள்தான் மொத்தப் பந்தயமும். வருடத்தில் 300 நாளும் பேனல் மேல் வெயில் விழுகிறது. கீழே கிணறு காய்ந்து கிடக்கிறது. இறைக்காத நாளிலும் தட்டை தின்ற கமலை மாடு போல, இறைக்காத நாளிலும் வட்டி தின்கிறது பேனல். ஒரே வித்தியாசம், மாட்டை அவிழ்த்து உழவுக்கோ வண்டிக்கோ கட்டலாம்.

மானியம் சேர்ந்தால் படம் தலைகீழ். 60 சதவீதம் போக விவசாயி போடுவது 1,20,000. தேய்மானம் 6,000, வட்டி 8,400, ஆக 14,400. வித்தியாசம் 7,600, அதாவது 76 மணி நேரம். பதினைந்து நாள் இறைத்தால் போதும்! இந்த ஒரு கணக்கு போதும், திட்டத்துக்கு ஏன் இத்தனை விண்ணப்பம் வருகிறது என்று புரிந்துகொள்ள. மானியம் எங்கிருந்து வருகிறது, யார் கொடுக்கிறார்கள் என்பது வேறு. ஆனால் அதே 5 ஹெச்.பி.க்குத் தட்கலில் இரண்டரை லட்சம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்படியும் தட்கலுக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முட்டாள்தனமா? இல்லை. கம்பியில் வரும் மின்சாரம் ராத்திரியிலும் வரும். ஊற்றுக் குறைந்த கிணற்றில் ஒரு மணி நேரம் இறைத்து, நான்கு மணி நேரம் ஊற விட்டு, மறுபடி இறைக்க வேண்டும். சாயங்காலம் ஊறிய தண்ணீரை இரவிலேயே எடுக்க முடியும் என்பது கரிசலில் பெரிய விஷயம். சோலார் ஆறு மணிக்குத் தூங்கிவிடும். காட்டுக்குள் தனியாக நிற்கும் பேனலுக்கும் ஒயருக்கும் காவல் வேண்டும். கன்ட்ரோலர் பழுதானால் உள்ளூர் மோட்டார் மெக்கானிக்குக்குக் கை வராது, கம்பெனி ஆள் வர வேண்டும். டீசல் இன்ஜினை வண்டியில் ஏற்றி நான்கு கிணற்றுக்குக் கொண்டுபோகலாம், வாடகைக்கும் விடலாம். இதையெல்லாம் ரூபாயில் எழுதுவது கஷ்டம், அதனால் திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் எழுதுவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இலவச மின்சாரத்துக்கும் சோலாருக்கும் பொதுவான ஒரு குணம்: அடுத்த லிட்டர் தண்ணீருக்குக் காசு கிடையாது. டீசல்காரர் ஒவ்வொரு மணி நேரமும் யோசித்து நிறுத்துவார். மற்ற இருவருக்கும் நிறுத்தக் காரணமே இல்லை. கிணறு வற்றும் வரை ஓடும். இதற்குக் குஜராத்தில் ஒரு விடை கண்டார்கள். கேடா மாவட்டத்தில் துண்டி என்ற சின்ன கிராமம். டீசலில் இறைத்துக்கொண்டிருந்த ஆறு விவசாயிகள் 2016-ல் சோலார் பம்பு வைத்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இறைத்தது போக மிஞ்சும் மின்சாரத்தை யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு மின் கம்பெனிக்கு விற்க 25 வருட ஒப்பந்தம் போட்டார்கள். இப்போது தேவையில்லாமல் ஒரு யூனிட் இறைத்தால் 4.63 நஷ்டம்! தண்ணீருக்கு விலை வைக்காமலே தண்ணீருக்கு விலை வந்துவிட்டது. முக்கியமாக, பேனல் சும்மா இருக்கும் நாட்களும் சம்பாதிக்கும். மாட்டை அவிழ்த்து வண்டியில் கட்டிய மாதிரி.

வருடத்தில் முக்கால்வாசி நாள் பேனல் சும்மா கிடக்கப் போகும் கடம்பூர் போன்ற ஊருக்குத்தான் இந்த ஏற்பாடு மற்ற எல்லா ஊரையும் விட அதிகம் பொருந்தும். ஆனால் மின்சாரத்தை விற்க வேண்டுமென்றால் கம்பி கிணற்றுக்கு வந்திருக்க வேண்டும். கம்பி வந்த கிணற்றுக்கு மின்சாரம் ஏற்கெனவே இலவசம். இலவசமாகக் கிடைப்பவர் எதற்கு லட்சம் ரூபாய் போட்டுப் பேனல் வைக்கப் போகிறார்? கம்பி வராதவருக்கு விற்க வழியில்லை. நல்ல முடிச்சு!

இதற்கிடையே வேறொரு விவசாயம் கரிசலில் வளர்ந்துவிட்டது. தூத்துக்குடி முள்ளக்காட்டில் 1986-ல் சோதனைக் காற்றாலைகள் வந்தன. கயத்தாறில் காற்றாலைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசு நிலையமே இருக்கிறது. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் மின் நிலையம் திறக்கப்பட்டது. அந்த வெயிலும் காற்றும் மொத்தமாகச் சேர்ந்து உயர் அழுத்தக் கம்பியில் ஏறி நகரங்களுக்குப் போகிறது. மானாவாரியில் நட்டப்பட்டு அலுத்தவர்கள் நிலத்தை விற்றார்கள். வெயிலை விற்கத் தெரிந்தவர்களுக்குக் கரிசல் நல்ல விளைச்சல் கொடுக்கிறது என்று சொல்ல வேண்டியதுதான்.

கடைசியாக ஒரே ஒரு கணக்கு. ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம், அதாவது ஒரு லட்சம் லிட்டர். நூறு அடி ஆழத்திலிருந்து 5 ஹெச்.பி.யில் இறைக்க நான்கைந்து மணி நேரம், டீசல் என்றால் நானூறு ஐநூறு ரூபாய், சோலார் என்றால் ஒரு நாள் வெயில். ஐந்நூறு அடி போரிலிருந்து அதே தண்ணீரை எடுக்க இதைப்போல் ஐந்து மடங்கு. அப்படி எடுத்தாலும் பல இடங்களில் வருவது உப்புத் தண்ணீர். பத்தடி ஆழப் பண்ணைக்குட்டையிலிருந்து எடுத்தால் பத்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் டீசல் இருந்தாலே தாராளம். கரிசல் மண்ணுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணம் இருப்பதால் குட்டை வெட்டினால் கசிவும் குறைவு. ஐப்பசி மழையைக் குட்டையில் பிடித்து, மார்கழியில் மக்காச்சோளம் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரே ஒரு தண்ணீர் கொடுத்துவிட்டால் காய்ந்து போகவிருந்த பயிர் கதிர் வாங்கிவிடும். அந்த ஒரு தண்ணீருக்குப் பக்கத்து ஊரிலிருந்து வாடகைக்கு வரும் பழைய ஆயில் இன்ஜின் போதும்.